சீவன் கீறின மலை

ஓம், அது மலைதான். உந்த இருட்டுக்குள்ளை நிண்டு பாத்தா மேகம் மாதிரித்தான் தெரியும். இஞ்சாலை யன்னல் பக்கம் வாங்கோ. இப்ப பாருங்கோ. மலையெல்லே? இந்த வீட்டுக்கு வாற ஆக்கள் என்னைச் சுகமோ எண்டு கேக்கிறதுக்கு முன்னம் அதைத்தான் கேக்கிறவை. விறாந்தையாலை குசினிக்குப் போற வழியை மறைச்சுக்கொண்டு ஒரு மலை தொங்கினா ஆருக்கும் கேக்கத்தானே வரும். இருங்கோ விதானையார். ஐயோ, உதிலை வேண்டாம், உந்தக் கதிரைக்கு ஒரு கால் பழுது. என்ரை மனிசன் மலாயாவாலை வந்த நாளிலையிருந்து திருத்திறன் திருத்திறன் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார். இதிலை இருங்கோ.

என்ன, அதுக்குள்ளை புத்தகத்தைத் திறக்கிறியள்? மூடி வையுங்கோ. நாங்கள் எங்கை ஓடப்போறம்? வோட்டுக்குப் பேர் எழுத வந்தனியள் எண்டு தெரியும், நீங்கள் பள்ளிக்கூடத்தடியிலை எழுதிக்கொண்டு நிக்கவே கதை இஞ்சை வந்திட்டுது. இந்த வீட்டிலை நாங்கள் மூண்டு பேர். மனிசன் பரமலிங்கம், நான் குணலட்சுமி, மற்றது என்ரை தம்பியின்ரை பெண்சாதி பேச்சியம்மா. அவ்வளவுதான். எழுத எவ்வளவு நேரம் எடுக்கும்? மனிசனும் பேச்சியும் தோட்டத்தாலை வரட்டும். நீங்கள் நீர்வேலி ஆள், உரும்பிராய்க்குப் புதிசு. முந்தின விதானையாருக்கு எங்கடை வீட்டுக் கதை முழுக்கத் தெரியும். நீங்கள் வெளியிலை கேட்டியள் எண்டா ஆளுக்கொரு விதமாச் சொல்லுவினம். அதைவிட என்னட்டையே கேட்டிட்டுப் போங்கோ. மோர் குடியுங்கோ முதல்.

உந்தத் திரைச்சீலையிலை மலையைக் கீறினவன் என்ரை தம்பி சீவரத்தினம். சீவன் எண்டுதான் நாங்கள் கூப்பிடுறது. நாடகத்துக்குப் பின்னாலை தொங்கிற சீன் கீறுறவன். அந்த நாளையிலை இந்தியாவிலையிருந்து நாடகக் கொம்பனியள் வந்து ரவுணிலை கொட்டகை போட்டு ஆடுவினமெல்லே, அதிலை சீன் கீறின ஒரு மனிசனோடை இவன் ஒட்டிக்கொண்டு, சாயம் கரைச்சுக் குடுத்துக் குடுத்தே தொழிலைப் பழகிப்போட்டான். ஐயாவுக்குச் சாகுமட்டும் அது விருப்பமில்லை. புகையிலைத் தோட்டத்துக்கு இறைக்க விட்டா, இவன் வரம்பிலை குந்தியிருந்து கரிக்கட்டியாலை கிணத்துக்கட்டு முழுக்க ராசா ராணி கீறி வைப்பான். என்ன செய்யிறது? அரசசபைச் சீன், காட்டுச் சீன், தெருச் சீன், மறியல் வீட்டுச் சீன் எல்லாம் அவனிட்டை இருந்தது. எந்த ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் எண்டாலும் வண்டில் எங்கடை படலையடியிலைதான் வந்து நிக்கும்.

மலைச் சீனும் ஒண்டு வைச்சிருந்தான். உது இல்லை, அது வேறை. அதை எங்கையிருந்து பாத்துக் கீறினவன் தெரியுமே? சீமைப் பிஸ்கற் ரின்னிலையிருந்து. நீல நிறத்திலை ஒரு மலை, உச்சியிலை வெள்ளையா ஏதோ ஊத்திவிட்ட மாதிரி, கீழை ஒரு குளம், குளத்திலை வள்ளம், வள்ளத்திலை குடை பிடிச்சுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி. இவன் வெள்ளைக்காரிக்குச் சீலை உடுத்தி, குடையைப் பறிச்சுப்போட்டுக் கையிலை ஒரு கிளியைக் குடுத்து விட்டிட்டான். சனம் வாயைப் பிளந்துகொண்டு பாத்தது. உச்சியிலை என்னடா வெள்ளையெண்டு நான் கேட்டன். மலையெண்டா மேலை சுண்ணாம்பு அடிச்சு விடுவினமாக்கும் அக்கா எண்டான். அவன் என்னத்தைக் கண்டான்? நாங்கள்தான் என்னத்தைக் கண்டம்? எங்கடை பக்கத்திலை மலையெண்டு பேருக்கு இருக்கிறது கீரிமலை. அங்கை போய் ஏற இடம் தேடினா, கடலுக்குள்ளைதான் இறங்கவேணும்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. நீங்கள் சிரிப்பியள் எண்டுதான் சொன்னனான்.

அப்பதான் பாருங்கோ, பெடியளெல்லாம் கதர் உடுத்துக்கொண்டு திரிஞ்ச காலம் வந்தது. முழுச் சுதந்திரம் தராட்டி உங்கடை எலெக்சனும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம் எண்டு யாழ்ப்பாணத்திலை வோட்டைப் பகிஷ்கரிச்சினமே, அந்த வருசம். நீங்கள் அப்ப பள்ளிக்கூடம் போயிருப்பியள். எங்கடை ஊர் வாலிபர் சங்கம் ஒரு நாடகம் போட வெளிக்கிட்டுது. தாய்நாடு எண்டு பேர். சங்கத்துக்குக் காரியதரிசி இராசநாயகம். சென்னையிலை படிச்சுப்போட்டு வந்தவர். அவர்தான் எழுதினவர். நல்ல மனிசன், பொய் சொல்லக்கூடாது. ஆனா கதைக்கத் துவங்கினாரெண்டா முன்னாலை வைச்ச கோப்பி ஆறிப் பாலாடை பிடிச்சிடும். அவர் வந்து, தம்பி, மற்றதுக்கெல்லாம் உன்ரை பழஞ்சீனைப் போடுவம், கடைசிக் காட்சிக்கு மட்டும் புதிசா ஒண்டு கீறு, திரையைத் தூக்கினவுடனை சனம் இதுதான் எங்கடை நாடு எண்டு எழும்பி நிக்கவேணும் எண்டார்.

சீவன் ஓமெண்டு தலையாட்டிப்போட்டு, பேந்து கேட்டான், அண்ணை, எங்கடை நாடு எண்டா நான் என்னத்தைக் கீறுறது எண்டு.

அவ்வளவுதான் கேட்டவன். சங்கம் ரெண்டாகப் பாத்தது! தனாதிகாரி சொன்னார், இமயமலையைக் கீறு எண்டு. இராசநாயகத்துக்குக் கோபம் வந்திட்டுது, இமயமலை இந்தியாவிலையெல்லே கிடக்குது, நாங்கள் சுதந்திரம் கேக்கிறது இலங்கைக்கு எண்டார். தாய் வேசம் போட இருந்த கனகலிங்கம், ஏன் அண்ணை, எங்கடை பனங்கூடலையும் செம்பாட்டுத் தோட்டத்தையும் கீறினா என்ன எண்டு கேட்டார். பனையைப் பாக்கிறதுக்கு ஆரடா ரிக்கற் எடுத்துக்கொண்டு வருவான், கொட்டகைக்கு வெளியாலை வந்து நிண்டாச் சும்மா தெரியுது எண்டு தனாதிகாரி பாய்ஞ்சார். எங்கடை மாமரத்துக்குக் கீழைதான் இவ்வளவும் நடந்தது. நானும் அம்மாவும் கோப்பி ஊத்தி ஊத்திக் களைச்சுப்போனம். கடைசியா இராசநாயகம் எழும்பி நிண்டு தீர்ப்புச் சொன்னார். நாட்டுக்கு மலைதான் முடி, முடியில்லாமல் தாய் மொட்டையாவோ நிப்பாள், மலைநாட்டைத்தான் கீறவேணும் எண்டார்.

எனக்குப் பிஸ்கற் ரின் மலைதான் தெரியும் எண்டான் சீவன். சீமை மலையைக் காட்டி எங்கடை நாடு எண்டு சொல்லவோ எண்டு இராசநாயகம் அவனை உறுக்கிப்போட்டு, போய்க் கண்ணாலை பாத்திட்டு வந்து கீறு, சங்கச் செலவிலை போ எண்டார். இராசநாயகத்தின்ரை கூட்டாளி ஒருத்தர், அடைக்கலநாதன் எண்டு, யாழ்ப்பாணத்து ஆள்தான், அட்டனுக்கு அங்காலை ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையிலை அப்போதிக்கரியா இருந்தவர். அவற்றை வீட்டிலை போய் நிக்கிறதெண்டு ஒழுங்கு. அம்மா அழுது அழுது பனம்பழப் பினாட்டும் மிளகாய்த்தூளும் கட்டிக் குடுத்தவ, என்னவோ பிள்ளை சீனாவுக்குப் போற மாதிரி.

அங்கை நடந்ததை நான் சீவன் சொல்லித்தான் கேட்டனான். மிச்சம் கொஞ்சம் பேச்சி சொன்னது. கோச்சி தண்டவாளத்திலை மேலை ஏற ஏற இவன் யன்னலாலை கீழை பாத்திருக்கிறான். அடி தெரியாத கிடங்கு. தலை சுத்தி, சத்தி எடுத்து, நல்லூரானே எண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்திட்டானாம். மலை பாக்கப் போனவன் மலை வரேக்கை கண்ணை மூடிக்கொண்டான்! சரி, போய்ச் சேந்தாப் பிறகாவது பாத்தானோ? எங்கை? பனிப்புகார். முழுக்கப் புகார். அப்போதிக்கரி வீட்டு வாசல்லை நிண்டு கையை நீட்டினா விரல் தெரியாதாம். ஒரு கிழமையா வெள்ளைத் தாளை மடியிலை வைச்சுக்கொண்டு, வெள்ளைப் புகாரைப் பாத்துக்கொண்டு, மருந்துச்சாலை வாங்கிலை இருந்திருக்கிறான். குளிருக்குப் பல்லு அடிபடுற சத்தத்திலை அப்போதிக்கரிக்கு நித்திரை இல்லையாம்.

அப்பதான் இவள் வந்தவள். கொழுந்து எடுக்கிற பெட்டை. கையிலை கத்தி பட்டு, மருந்து கட்ட வந்து வரிசையிலை நிண்டிருக்கிறாள். என்னங்க, வெள்ளத் தாளப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கீங்க எண்டு கேட்டாளாம். இவன் தன்ரை பாசையிலை, நான் மலையைக் கீற வந்தனான் எண்டிருக்கிறான். உங்களுக்கு விளங்குது, எனக்கு விளங்குது. அவளுக்கு எப்பிடி விளங்கும்? அவையளுக்குக் கீறுறதெண்டா வெட்டுறதெல்லே! அவள் திகைச்சுப்போய், மலையப் போயி எதுக்குங்க கீறணும், பாவம், நான் கையக் கீறிக்கிட்டே இந்தப் பாடு படுறேன் எண்டாளாம். இவன் ஒரு கிழமைக்குப் பிறகு அண்டைக்குத்தான் சிரிச்சவன். சிரிச்சிட்டு, அவள் நிண்ட மாதிரியே அவளைத் தாளிலை கீறிக் காட்டினானாம், கீறுறதெண்டா இதுதான் எண்டு.

பேந்து ஒருநாள் காலமை வெயில் எறிச்சுது, மலை முழுக்கத் தெரிஞ்சுது எண்டான். எப்பிடியடா இருந்தது எண்டு நான் ஆவலாக் கேட்டன். அவள் அந்தச் சரிவிலை நிண்டாள் அக்கா எண்டான். நான் மலையைக் கேக்கிறன், இவன் ஆளைச் சொல்லுறான். அக்காக்காரி எனக்கு அப்பவே விளங்கியிருக்கவேணும். எனக்கு விளங்கேல்லை. கடையிலை மலிவா மல்லுத்துணி விழுந்ததிலை எனக்கு அந்தரம், சீன் தைக்கவேணுமெல்லே.

புகையிலைக் குடிலுக்குள்ளை மறைப்புக் கட்டிப்போட்டு, ஒருத்தரையும் கிட்ட விடாமல் கீறினான். நான் கஞ்சி கொண்டுபோனாலும் வாசல்லை வைச்சிட்டுத் திரும்பவேணும். முடிஞ்ச அண்டைக்குச் சங்கம் முழுக்க வந்தது. மறைப்பை விலக்கினான். விதானையார், நான் அதுக்கு முன்னமும் பின்னமும் எத்தினையோ சீன் பாத்திருக்கிறன். அண்டைக்கு எனக்கு உடம்பு குளிர்ந்தது. உண்மையாக் குளிர்ந்தது. அப்ப சாயமெல்லாம் புதிசு, பச்சையிலை எத்தினை பச்சை, மேலை மேலை போகப் போக நீலம், அதுக்கு மேலை புகார். இராசநாயகத்தார் கிட்டப் போய்ப் புகாரைத் தொட்டுப் பாத்தார். நடுவிலை, அந்தா தெரியுதே, அந்த மனிசி. தலையிலை கயிறு போட்டு முதுகிலை கூடை. எங்களையே பாத்துக்கொண்டு நிக்கிறாள். ஓம் ஓம், அது இவள்தான். பேச்சிதான். அப்ப மெலிவு.

இராசநாயகம் முதல் என்ன சொன்னவர் எண்டா, அபாரம், மலை அபாரம் எண்டு. பிறகு கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கொண்டு, உந்தக் கூலிப் பொம்பிளையை மட்டும் அழிச்சு விடு தம்பி எண்டார். ஏனண்ணை எண்டான் இவன். இது எங்கடை தேசம், அவையள் கூலிக்கு வந்த பிறத்திச் சனம், தேசத்தின்ரை படத்திலை அவையளுக்கு என்ன அலுவல் எண்டார். சீவன் வாதாடத் தெரியாதவன். சண்டைக்குப் போகமாட்டான், குரல் உயர்த்தமாட்டான். அண்ணை, நான் பாத்தது பாத்தபடி கீறினனான், உந்த மலையிலை நான் வேறை ஒருத்தரையும் காணேல்லை எண்டான்.

பெரிய இழுபறி. அவளுக்குக் கிரீடம் வைச்சு, கூடையை எடுத்துப்போட்டுக் கையிலை கொடி குடுத்துத் தேவியா மாத்து எண்டு தனாதிகாரி ஒரு வழி சொன்னார். சீவன் சாயப் பிறஸ்சைக் கழுவிப் பழந்துணியிலை துடைச்சுக்கொண்டு, வேணுமெண்டா வேறை ஆளைப் பிடியுங்கோ எண்டிட்டான். நாடகத்துக்கு நாள் குறிச்சு நோட்டீசும் ஒட்டியாச்சு. வேறை ஆளுக்கு எங்கை போறது? கடைசியா இராசநாயகத்தின்ரை படிச்ச மூளைதான் வழி கண்டுபிடிச்சது. கடைசிக் காட்சியிலை தாயா வாற கனகலிங்கத்தை ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டிக்கு மேலை ஏத்தி, சரியா அவளுக்கு முன்னாலை நிப்பாட்டிப் போடுறது. காட்சி முடியுமட்டும் கனகலிங்கம் அசையக்கூடாது. அவர் நல்ல அகண்ட ஆள். ஒரு பொம்பிளையில்லை, ரெண்டு பொம்பிளையை மறைப்பார்.

நாடகத்தண்டு பின்னேரம் நல்ல மழை. மழை விட்டுப் பொழுதுபட ஈசல் கிளம்பிச்சுது. நான் பொம்பிளையள் பக்கத்திலை பாயிலை முன்னுக்கு இருக்கிறன். முதல் காட்சியளெல்லாம் ஒரு மாதிரிப் போச்சுது. கடைசியாத் திரை எழும்பிச்சுது. மலை! கொட்டகை முழுக்க ஐயோ எண்டு ஒரு சத்தம். இராசநாயகம் நினைச்ச மாதிரியே சனம் எழும்பி நிண்டது. மேடையிலை கனகலிங்கம், மீசையை வழிச்சு, காஞ்சிபுரம் உடுத்து, ஈர்க்கிலும் தங்கத்தாளும் ஒட்டின முடியோடை தாயா நிக்கிறார். தலைக்கு மேலை பெற்றோமக்ஸ். அந்த ஈசலெல்லாம் எங்கை போகும்? வெளிச்சத்துக்குத்தானே வரும். கனகலிங்கம் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டார், பாவம், நாட்டுக்காக நிண்டார். நெற்றியிலை ஈசல், மூக்கிலை ஈசல். கடைசியா ஒண்டு றவுக்கைக்குள்ளை பூந்திட்டுது. அவ்வளவுதான். தாய் பெட்டியாலை பாய்ஞ்சு, கோதாரியிலை போக எண்டு கத்திக்கொண்டு, சீலையை உதறினபடி உள்ளுக்கு ஓடியிட்டா.

சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு நொந்தது. பிறகு பாத்தா, சிரிப்பு மெல்ல மெல்ல அடங்குது. எல்லாரும் அவளைப் பாக்கினம். பெற்றோமக்ஸ் வெளிச்சத்திலை அவள் அந்த மலையிலை உயிரோடை நிக்கிற மாதிரி இருந்தது. ஆரோ பின்னாலையிருந்து, உது ஆற்றை பெட்டையடா எண்டு கேட்டான். திரைக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை நிண்ட சீவன் கயித்தைத் தூணிலை கட்டிப்போட்டு நடு மேடைக்கு வந்தான். சாறத்தை மடிச்சுக் கட்டினபடி, கை முழுக்கச் சாயம். அவள் பேச்சியம்மா, நான் கலியாணம் முடிக்கப்போறவள் எண்டான். சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போயிட்டான்.

அண்டைக்குத்தான் நாங்களும் கேள்விப்பட்டது! கொட்டகை நிறைய சனத்தோடை சேந்து பெத்த தாயும் கேள்விப்படுறா. அம்மா மயங்கி என்ரை மடியிலை விழுந்திட்டா. விசிறி எடுத்து விசிறினது நான், எனக்கு விசிற ஆருமில்லை.

போனான், கூட்டிக்கொண்டு வந்தான். பிள்ளையார் கோயில் ஐயர் மாட்டன் எண்டிட்டார், வேறை ஊர்க் கோயிலொண்டிலை தாலி கட்டினான். அம்மா கன வருசம் அவள் கையாலை தண்ணி வாங்கிக் குடிக்கேல்லை. எங்கடை கிணத்திலை அவள் அள்ள ஏலாது, நான்தான் அள்ளி ஊத்தவேணும். புகையிலைக் குடிலிலைதான் ரெண்டு பேரும் சமைச்சுச் சாப்பிட்டவை. உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேணுமே, எங்கடை ஊர்களிலை எல்லா இடமும் உப்பிடித்தான். பேர் பேச்சி, ஆனா வாய் திறக்கமாட்டாள். திறந்தா அந்தப் பாசையைக் கேட்டுப் பெட்டையள் சிரிப்பாளவை. சீவனோடை மட்டும் கதைப்பாள். வேலிக்கு இஞ்சாலை நிண்டா எனக்குக் கேக்கும். ஓயாமல் கதையும் சிரிப்பும். என்ரை மனிசன் மலாயாவிலை ரெயில்வேயிலை. எனக்குக் கதைக்க அம்மாவும் ரெண்டு மாடும்.

உலகச் சண்டை துவங்கின அடுத்த வருசம் சீவனுக்கு நெருப்புக் காய்ச்சல். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ப் பாத்தம். வெள்ளிக்கிழமை முடிஞ்சுபோனான். பிள்ளையளும் இல்லை.

இல்லை, அழேல்லை. கண்ணுக்குள்ளை ஏதோ விழுந்திட்டுது.

செத்தவீட்டுக்கு வந்த சனம் எட்டுச் சடங்கு முடிய முன்னமே கதைக்கத் துவங்கிச்சுது, இனி அவளை அவளின்ரை இடத்துக்கு அனுப்பிவிடுங்கோ எண்டு. ஐயாவுக்குத் தங்கச்சி முறையிலை ஒரு கிழவி நேரை அவளிட்டையே கேட்டிட்டுது, எப்ப பிள்ளை ஊருக்குப் போறாய் எண்டு. பேச்சி கையிலை விளக்குமாத்தை வைச்சுக்கொண்டு நிண்டு யோசிச்சாள். எந்த ஊருக்குங்க, தோட்டத்து லயத்துல எங்க காம்பராவுல இப்ப வேற ஆளு இருப்பாங்களே எண்டாள். கோபமாச் சொல்லேல்லை. உண்மையாவே யோசிச்சுச் சொன்னவள். அண்டைக்குப் பின்னேரம் நான் குடிலுக்குப் போய் அவளின்ரை பெட்டியையும் பானையையும் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தன். அவள் என்ரை பின்னாலை வந்தாள். அம்மா தன்ரை பாயைச் சுவரோரம் நகத்திப் போட்டா.

நல்ல காலம் கூட்டிவந்தது! பேந்து மலாயா யப்பான்காரனிட்டை விழுந்திட்டுது. மனிசனிட்டையிருந்து காசுமில்லை, கடிதமுமில்லை, ஆள் இருக்கோ இல்லையோ எண்டுகூடத் தெரியாது. நான் றோட்டைப் பாத்துக்கொண்டு பிரமை பிடிச்சமாதிரி இருந்தன். தோட்டத்திலை பயிர் கருகுது. கிணத்துத் துலாவுக்கு மேலை ஏறி மிதிச்சு இறைக்க ஆம்பிளை இல்லை. ஒருநாள் விடிய வெளியிலை ஏதோ கிறீச்செண்டு சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பாக்கிறன், பேச்சி துலாவுக்கு மேலை! சீலையை வரிஞ்சு கட்டிக்கொண்டு, முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கிறாள், நாங்கள் விறாந்தையிலை நடக்கிற மாதிரி. கிணத்தை எட்டிப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும். விழப்போறாயடி, இறங்கு எண்டு கத்தினன். இதுவா அக்கா உயரம், கீழ வந்து தண்ணிய ஊத்துங்க எண்டாள். பொம்பிளை துலா மிதிக்கிறாள் எண்டு ஊர் வேலியாலை எட்டிப் பாத்துச் சிரிச்சது. சிரிச்சுப்போட்டுப் போகட்டும். அவள் மேலை மிதிக்க, நான் கீழை நிண்டு தண்ணிப் பட்டையைக் கவிழ்க்க, சண்டைக் காலம் முழுக்க அந்தத் தோட்டம் எங்களுக்குச் சோறு போட்டது. அம்மா சாகேக்கை கடைசியாத் தண்ணி குடிச்சது அவளின்ரை கையாலை. மனிசன் பல்லெல்லாம் கொட்டி, எலும்பும் தோலுமா, நாப்பத்தாறிலை திரும்பி வந்து படலையைத் திறக்கிறார், துலாவுக்கு மேலை ஒரு பொம்பிளை. வீடு மாறி வந்திட்டன் எண்டு திரும்பிப் போகப் பாத்தாராம்.

உந்தச் சீலையிலை ஓட்டையள் தெரியுதே, அந்த மனிசியைச் சுத்தி? கறையான் இல்லை. குத்தூசி போட்ட ஓட்டை. போன வருசம் மாசியிலை சுதந்திரம் கொண்டாடினமெல்லே, இராசநாயகம் இப்ப கொழும்பிலை பெரிய ஆள், அவர் சொல்லி ஆக்கள் வந்து, சீவன்ரை மலைச் சீன் ஒரு நாளைக்கு மேடைக்கு வேணும் எண்டு கேட்டினம். குடுத்தம். நானும் பேச்சியும் நல்ல சீலை உடுத்துக்கொண்டு பாக்கப் போனம். போய்ப் பாத்தா, அவளுக்கு மேலை ஒரு பெரிய கொடியை வைச்சுக் குத்தி மறைச்சு விட்டிருக்கினம். எனக்கெண்டா ஆத்திரம் பத்திக்கொண்டு வந்திட்டுது. மேடைக்கு ஏறப்போனன், உண்ணாணை. பேச்சி என்ரை கையைப் பிடிச்சு இழுத்து, விடுங்கக்கா, மலையில குளிருமேன்னு போத்தி விட்டிருக்காங்க எண்டாள். சொல்லிப்போட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நானும் சிரிச்சன்.

ஓம், மோர் முடிஞ்சுது. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டே? வேண்டாமே. சரி, திறவுங்கோ புத்தகத்தை. மனிசன்ரை பேர் எழுதியாச்சோ? என்ரை? நல்லது.

போன முறை எலெக்சனுக்கு நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாப் போய்த்தான் வோட்டுப் போட்டது. அப்ப ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. இப்ப ஏதோ புதுச் சட்டமாம், தேப்பன் எங்கை பிறந்தவர் எண்டு கேக்கினமாம், சொல்லாட்டிப் பேரை வெட்டிப்போடுவினமாம் எண்டு முந்தநாள் சந்தையிலை கேட்டனான். வோட்டுப் போனாப் போகுது விதானையார். பேர் வெட்டினவையைப் பிறகு கப்பலேத்தி இந்தியாவுக்கு விடப்போகினமாம் எண்டும் கதைக்கினமே. இந்தியாவை அவள் கண்ணாலையும் காணேல்லை. தேப்பன் எந்த ஊரெண்டும் தெரியாது, அவள் வயித்திலை இருக்கேக்கையே செத்துப்போனார். சீவன் தாலி கட்டினதோடை சரி, கந்தோரிலை போய்ப் பதியவுமில்லை.

இப்ப கேக்கிறியள்தானே, பேச்சியம்மாவின்ரை தேப்பன்ரை பேரை. எழுதுங்கோ, முத்துக்குமாரு. எங்கடை அம்மாவின்ரை கூடப்பிறந்த தமையன். இந்த உரும்பிராயிலை, இந்த வளவிலை பிறந்தவர், ஊரிலை பழைய ஆக்கள் ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். கண்டிப் பக்கம் தோட்டத்திலை கணக்குப்பிள்ளையாப் போய், அங்கையே காய்ச்சல் வந்து செத்துப்போனார். கலியாணம் முடிக்கேல்லை எண்டு நாங்கள் இஞ்சை நினைச்சுக்கொண்டிருந்தம். அது தூர இடம், ஆருக்கு என்ன தெரியும்? முறையும் சரிதானே பாருங்கோ. அம்மானுக்கு ஒரு பெட்டை இருந்திருந்தா எங்கடை சீவனுக்குத்தானே கட்டியிருப்பம். சாட்சிக்கு நான் கையெழுத்து வைக்கிறன். கொழும்பாலை ஆரும் வந்து கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லுவன், கோயில்லை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவன். நீங்களும் இதையே சொல்லவேணும், அதுக்குத்தான் உங்களை இவ்வளவு நேரம் இருத்தி வைச்சனான்.

ஏன் பேனையைப் பிடிச்சுக்கொண்டு என்ரை முகத்தைப் பாக்கிறியள்? எங்கடை பகுதிப் பேரை, வம்சத்தின்ரை பேரை, நாங்கள் லேசிலை ஒருத்தருக்கும் குடுக்கிறதில்லை, அது உங்களுக்கும் தெரியும். பிள்ளையில்லாமல் செத்துப்போன மனிசனுக்கு இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு மகள் கிடைக்கிறாள் எண்டா, அவர் என்ன வேண்டாமெண்டே சொல்லப்போறார்? எழுதுங்கோ.